'16 மணி நேரம் சாப்பிடாம இருந்தா செல் க்ளீன் ஆகிடுமா?' - ரீல்ஸ் சொல்வதும், அறிவியல் சொல்வதும்!

இன்ஸ்டாகிராமைத் திறந்து நாலு ரீல்ஸ் தள்ளுவதற்குள் யாராவது ஒருத்தர் வந்துவிடுகிறார். "16 மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க. உங்க செல் தன்னோட குப்பையைத் தானே சாப்பிட்டுடும். இதுக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்க!"

நோபல் பரிசு கொடுத்தது உண்மைதான். ஆனால், அது எதற்காகக் கொடுக்கப்பட்டது? நீங்கள் காலை இட்லியைத் தவிர்ப்பதற்கும் அதற்கும் எவ்வளவு சம்பந்தம்? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம் மக்களே.

நோபல் யாருக்கு, எதற்கு?

செல் தன் பழைய பாகங்களை உடைத்து, அதிலிருந்து கிடைப்பதை மறுபடி பயன்படுத்திக்கொள்வதற்குப் பெயர் ஆட்டோபேஜி. 'தன்னைத்தானே உண்ணுதல்' என்று அர்த்தம். 1963-ல் இந்தப் பெயரை வைத்தவர் பெல்ஜியம் விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ். ஆனால், இது எப்படி நடக்கிறது, எந்த ஜீன்கள் இதை இயக்குகின்றன என்பது 1990-களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி அதைக் கண்டுபிடித்தார். 2016-ல் மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது.

அவர் ஆராய்ந்தது மனிதர்களை அல்ல, ஈஸ்ட்டை. ஆமாம், பிரெட் மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்!

தலைமை அலுவலகத்திலேயே கை வைக்கும் செல்

செல்லின் தலைமை அலுவலகம் நியூக்ளியஸ், அதாவது உட்கரு. டி.என்.ஏ இருக்கும் இடம். அதை யாரும் தொட மாட்டார்கள் என்றுதானே நினைப்போம்? ஆனால், உணவு கிடைக்காமல் தவிக்கும் ஈஸ்ட் அங்கேயும் கை வைக்கிறது. இதற்கு நியூக்ளியோபேஜி என்று பெயர்.

ஈஸ்ட்டில் உட்கருவும், செல்லின் ஜீரணப் பையான வாக்குவோலும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே உட்கருவின் ஓரம் மொட்டு மாதிரி புடைத்து, கிள்ளப்பட்டு, பைக்குள் விழுந்து கரைந்துவிடும். போவது எல்லாம் இல்லை. உட்கருவின் உறையும், ரைபோசோம் தயாரிக்கும் பகுதியின் துண்டுகளும்தான் முக்கியமாகப் போகின்றன. டி.என்.ஏ-வை செல் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிடுகிறது. ரைபோசோம் என்பது புரதம் தயாரிக்கும் மெஷின். சாப்பாடே இல்லாதபோது இத்தனை மெஷின் எதற்கு என்று செல் கணக்குப் போடுகிறது எனலாம்.

எதை எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? 2015-ல் ஓசுமியின் குழு அதற்கும் ஒரு விடை சொன்னது. உட்கருவின் உறையில் 'ஏடிஜி39' என்ற புரதம் நின்றுகொண்டு, 'இதை எடுத்துட்டுப் போ' என அடையாளம் காட்டுகிறது. அந்தப் புரதம் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டால் உட்கருவின் வடிவம் கெட்டு, சீக்கிரமே செத்துப்போகிறது.

மனித செல்லில் கதையே வேற!

ரீல்ஸ் சொல்லாத பகுதி இங்கேதான் வருகிறது. நம் உட்கருவின் உள்சுவரில் லேமின் பி1 என்ற புரதம் இருக்கிறது. மனித செல்களிலும் ஆட்டோபேஜி இதை உடைக்கிறது என்று 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஆனால், அந்த செல்களைப் பட்டினி போட்டபோது லேமின் பி1 உடையவில்லை! புற்றுநோயைத் தூண்டும் ஜீன் ஒன்றை முடுக்கிவிட்டபோதுதான் உடைந்தது. உடைந்ததும் அந்த செல் பெருகுவதை நிறுத்தி, முதுமை நிலைக்குப் போனது. கட்டி உருவாகாமல் தடுக்கும் ஒரு பிரேக் மாதிரி.

ஆக, இங்கே நடப்பது 'க்ளீனிங்' மட்டும் இல்லை. ஒரு செல்லை முதுமைக்குத் தள்ளுவதும் இதே வேலைதான். 2023-ல் வெளியான புழு ஆய்வு ஒன்று, நியூக்ளியோபேஜி முதுமையைத் தள்ளிப்போட உதவுகிறது என்கிறது. ஓரிடத்தில் முதுமை, இன்னோர் இடத்தில் இளமை. 'அதிகமானா நல்லது' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

அப்போ ஃபாஸ்டிங் வேஸ்ட்டா?

அப்படியும் இல்லை. சாப்பிடும் நேரத்தைக் குறைத்தால் மொத்த கலோரி குறையும், எடை குறையலாம். பட்டினி கிடக்கும் எலிகளின் கல்லீரலில் ஆட்டோபேஜி அதிகரிப்பதும் தெரிந்த விஷயமே. ஆனால், மனித உடலில் 'சரியாக 16-வது மணி நேரத்தில் ஸ்விட்ச் ஆன் ஆகும்' என்பதற்கு ஆதாரம் கிடையாது. உங்கள் ஏரியா லேபில் ரத்தம் கொடுத்து 'என் ஆட்டோபேஜி எவ்வளவு?' என்று பார்த்துவிடவும் முடியாது.

ஆபத்தும் இருக்கிறது. இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டெனத் தாழ்ந்து மயங்கி விழலாம். கர்ப்பிணிகள், டீன் ஏஜ் பிள்ளைகள், உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

'பட்டினி போட்டா கேன்சர் செல் செத்துடும்' என்று வரும் வீடியோக்கள்தான் இன்னும் மோசம். வளர்ந்துவிட்ட கட்டிக்குள் இருக்கும் புற்றுநோய் செல்களும் இதே ஆட்டோபேஜியைப் பயன்படுத்தி உயிர் பிழைக்கின்றன. அதனால், அதைத் தடுக்கும் மருந்துகளையே ஆய்வாளர்கள் சோதித்துவருகிறார்கள். சிகிச்சையில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்த வீடியோவை ஃபார்வர்ட் செய்வதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள். கீமோ நேரத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவும் அவர்களுக்கு இழப்பு.

அடுத்த முறை 'செல் க்ளீனிங்' ரீல் வந்தால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். இதை எந்த உயிரினத்தில் பார்த்தார்கள்? உடலின் எந்த உறுப்பில்? எப்படி அளந்தார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், தாராளமாக ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிட்டே இருங்க!