குடிசனத் தொகைமதிப்பில் நாரந்தனை மக்கள் எவரும் விடுபடாதிருக்க ஆவன செய்யக் கோரும் மனு

கிராம அபிவிருத்திச் சங்கம்,
நாரந்தனை, ஊர்காவற்றுறை.
2024 நவம்பர் 20

பிரதேச செயலாளர்,
தீவகம் வடக்கு பிரதேச செயலகம்,
ஊர்காவற்றுறை.

பிரதிகள்: மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம், பணிப்பாளர் நாயகம், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், பத்தரமுல்ல.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

எதிர்வரும் டிசம்பர் 19 ஆம் திகதியைக் கணக்கெடுப்பு நாளாகக் கொண்ட குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பில் நாரந்தனையில் குடியிருக்கும் ஒருவர்கூட விடுபடக் கூடாது என்பதற்காகவே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். மக்களைப் பங்கெடுக்கத் தூண்டும் பொறுப்பை எங்கள் சங்கம் ஏற்கிறது. ஆயினும் சனத்தின் தயக்கங்களில் சில, நாங்கள் சொல்லித் தீராது. அதிகாரிகள் தங்கள் வாயால் சொன்னால்தான் தீரும்.

இலங்கையில் முதலாவது தொகைமதிப்பு 1871 இல் நடந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை என்று தொடர்ந்துவந்த இக்கணக்கு எங்கள் மாவட்டத்தில் 1981 உடன் நின்றுபோனது. 1991 இல் நாட்டில் எங்குமே எடுக்கப்படவில்லை. 2001 இல் எடுத்தபோது யாழ்ப்பாணம் அதற்குள் வரவில்லை. மீண்டும் எங்களை எண்ணியது 2012 இல்தான். இடையில் போன 31 ஆண்டுகளுக்குள்தான் 1990 இன் யுத்த இடப்பெயர்வும் நடந்தது. தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையானது. திரும்பி வந்தோர் சிலர், வராதோர் பலர். 1981 இல் கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ். மாவட்டத்தின் சனத்தொகை 830,552. 2012 இல் இரண்டு மாவட்டங்களையும் கூட்டினாலும் ஏழு இலட்சம் வரவில்லை. அதே காலத்தில் நாட்டின் மொத்தத் தொகை 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாகக் கூடியது. போனவர்கள் போக, இருக்கிறவர்களும் ஏட்டில் குறைந்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

கடந்த 14 ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்களே கிடைத்தன. 2010 இல் அது ஒன்பது. ஆசனப் பங்கீடு வாக்காளர் இடாப்பைப் பொறுத்ததே தவிரத் தொகைமதிப்பைப் பொறுத்ததல்ல என்பதை அறிவோம். இருந்தாலும் பதியாமல் விட்டால் என்ன நேரும் என்பதைச் சனத்துக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நடைமுறைச் சிக்கலுக்கு வருகிறோம். சங்க உறுப்பினர்கள் வீடுவீடாகப் போய்ப் பேசியபோது அதிகம் கேட்ட கேள்வி, “அஸ்வெசுமவுக்குத்தானே எல்லாம் எழுதிக் கொண்டு போனவை, இனி என்ன?” என்பதுதான். குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று சொன்னால் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வெட்டுப்படும் என்ற பயம் பரவலாக உண்டு. வெளிநாட்டுக் காசு வருகிறது என்று எழுதிவிடுவார்களோ என்று அஞ்சுவோரும் உளர். முதியோர் சிலருக்கு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் எவரைக் கண்டாலும் யுத்தகாலப் பதிவுகள் நினைவுக்கு வருகின்றன. அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1900 ஆம் ஆண்டின் குடிசன மதிப்புக் கட்டளைச் சட்டம் தகவல் தருவதைக் கடமையாக்குவது போலவே, அத்தகவலை வெளியிடாமல் காக்கும் கடமையை உத்தியோகத்தர் மேலும் சுமத்துகிறது. முதற் பாதியைத்தான் சனம் கேள்விப்பட்டிருக்கிறது. ஆகவே, தரப்படும் தகவல் அஸ்வெசும, வரி, பொலிஸ், இராணுவம் ஆகிய எதற்கும் கொடுக்கப்படாது என்பதைத் தங்கள் கையொப்பத்துடன் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுப்பிரசுரமாகத் தர வேண்டுகிறோம். சுவரொட்டி போதாது, மாரி மழையில் அது ஒரு கிழமை தாங்காது.

யாரை எங்கே எண்ணுவது என்பதிலும் தெளிவு வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்காகக் கொக்குவிலிலோ வண்ணார்பண்ணையிலோ வாடகைக்கு இருந்துகொண்டு, வெள்ளி மாலையில் ஊருக்கு வருகிற குடும்பங்கள் எங்களிடம் உண்டு. இரண்டு இடத்திலும் “அங்கே பதிந்திருப்பார்கள்” என்று விடுபட்டுப் போகக்கூடியவர்கள் இவர்கள்தான். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லட்டோ என்று தனித்திருக்கும் தாய்மார் கேட்கிறார்கள். வழமையான வதிவிடம் என்றால் என்ன என்பதை உதாரணங்களோடு ஒலிபெருக்கியில் அறிவித்தால் பாதிக் குழப்பம் நீங்கும்.

இன்னொன்றைத் தயக்கத்துடனேயே எழுதுகிறோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தீவகத்திலும் உள்ளன. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதும் மகனின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் தாயிடம், “அவர் செத்துப்போனாரோ” என்று வாசலில் நின்று கேட்பது கணக்கெடுப்பு ஆகாது. கையடக்கக் கணினியில் அதற்கு எந்தக் கட்டம் இருக்கிறதோ இல்லையோ, அவ்விடத்தில் எப்படிப் பேசுவது என்று கணக்கெடுப்பாளர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் தர வேண்டும். தாய் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

கணக்கெடுப்புக்குத் தீவகத்தின் ஊர்களை அறிந்த, தமிழ் பேசும் உத்தியோகத்தர்களையே அனுப்புங்கள். பெண்கள் தனித்திருக்கும் வீடுகளுக்குப் பெண் உத்தியோகத்தர் வருவது நல்லது. தம்பாட்டி, மெலிஞ்சிமுனைப் பக்கத்துக் கடற்றொழிலாளர் இரவில் கடலுக்குப் போய்க் காலையில் வலையோடு கரை சேருகிறவர்கள். நண்டு கழற்றி முடிக்கும்வரை அவர்களிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தால் ஆட்களைப் பிடிக்கலாம். பூட்டியிருந்தது என்று ஒருமுறை வந்து எழுதிப் போகாமல், முன்னறிவித்தலோடு மீண்டும் வர வேண்டும். ஆளில்லாத வீட்டையும் ஆள் வெளியே போயிருக்கும் வீட்டையும் பிரித்தறிய அயலவரைக் கேட்டாலே போதும்.

கணக்கு முடிந்தபின், கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியான முடிவுகளைத் தமிழில் அச்சிட்டுக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் வைக்க வேண்டும். குடிநீர் பவுசருக்கு, பாடசாலை ஆசிரியருக்கு, வைத்தியசாலைக்கு என்று நாங்கள் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் மனு எழுதும்போது, “உங்கள் ஊரில் எத்தனை பேர்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கான விடை எங்கள் கையிலும் இருக்கட்டும்.

எங்கள் பங்குக்கு, கோவில்களிலும் தேவாலயங்களிலும் பூசை முடிவில் அறிவித்தல் செய்ய இசைவு கேட்டிருக்கிறோம். சன சமூக நிலையங்களில் விளக்கக் கூட்டம் வைக்க இடமும் கதிரையும் தருவோம். தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். வழி தெரியாத ஒழுங்கைகளுக்கு இளைஞர்கள் கூடவருவார்கள். படலையில் அறிமுகம் செய்துவிட்டு விலகி நிற்பார்கள்.

நாட்கள் குறைவு. இவ்விடயமாகத் தங்களை நேரில் சந்திக்க டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறும், துண்டுப்பிரசுரத்தை அதற்கு முன்பே கிடைக்கச் செய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
(நாரந்தனை மக்கள் சார்பில்)