மணவிழாச் சிறாரின் உடை: யாருக்காக, யார் செலவில்?

அண்மைக் காலமாக எம்மவரின் திருமண அழைப்பிதழ் கைக்குக் கிடைப்பதற்கு முன்னரே வேறொரு செய்தி வந்து சேர்ந்துவிடுகின்றது. மணமகளுக்கு முன்னால் நடந்து செல்லவிருக்கும் சிறுமியருக்கு இன்ன நிறத்தில், இன்ன துணியில், இன்ன வேலைப்பாட்டுடன் ஆடை தைக்கவேண்டும் என்பதே அச்செய்தி. வெள்ளவத்தையாயினும் யாழ்ப்பாணமாயினும், ரொறன்ரோவாயினும் லண்டனாயினும் இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. நான் இதற்கு எதிரானவன் அல்லன். குழந்தைகள் அழகாக உடுத்தி நிற்பதைக் கண்டு மகிழாதவர் யார்? ஆயினும் அந்த உடை யாருக்காகத் தைக்கப்படுகின்றது, அதன் செலவை யார் சுமக்கின்றனர் என்ற இரு வினாக்களையும் எழுப்பவேண்டிய காலம் வந்துவிட்டதென்றே கருதுகின்றேன்.

எமது இந்துத் திருமணங்களில் தோழனும் தோழியும் அலங்காரத்திற்காக நிறுத்தப்பட்டவர்கள் அல்லர். மாப்பிள்ளைத் தோழனாக வருபவன் பெரும்பாலும் மணமகளின் சகோதரன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்று, அவர் அணிவிக்கும் மோதிரத்தைப் பெற்றுக்கொள்வது அவனுடைய உரிமை. ஏழு வயதுச் சிறுவனாயினும் அன்றைக்கு அவன் ஒரு பொறுப்பை வகிக்கின்றான். 'பிளவர் கேர்ள்', 'பேஜ் போய்' என நாம் அழைக்கும் மலர்ச் சிறுமியரும் உடன்வரும் சிறுவரும் தேவாலயத் திருமணங்களின் வழியே எம்மிடம் வந்தவர்கள். சிங்கள மக்களின் போருவச் சடங்கிலோ சிறுமியர் வெண்ணிற ஆடையில் நின்று ஜயமங்கல காதா பாடுகின்றனர். அங்கும் சிறாருக்கு ஒரு பணி உண்டு. எமது மண்டபங்களிலோ இன்று பல குழந்தைகளின் பணி புகைப்படத்தில் நிற்பது மாத்திரமே. பணி இல்லாத இடத்தில் உடையே பணியாகிவிடுகின்றது.

அளவெடுத்துத் தைக்கும் உடை குழந்தைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பது பொதுவான நம்பிக்கை. 2018ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி நடைபெற்ற பிரித்தானிய இளவரசர் ஹரியின் திருமணத்தை இங்கு நினைவூட்டலாம். இரண்டு வயது முதல் ஏழு வயது வரையான பத்துச் சிறார் அதில் பங்கேற்றனர். சிறுமியர் அறுவருக்கும் புகழ்பெற்ற ஆடை நிறுவனமான ஜிவோன்ஷி பட்டாடை தயாரித்தது. ஆயினும் மூன்று வயது இளவரசி சார்லட்டின் ஆடை தொளதொளவென்று இருந்ததாகவும், அதனையொட்டி இரு மருமகள்மாருக்கிடையே மனக்கசப்பு ஏற்பட்டதாகவும் ஹரி தமது 2023ஆம் ஆண்டு நூலில் எழுதினார். ஆறு ஆடைகளையுமே இறுதி நாட்களில் திருத்தவேண்டியிருந்ததாக அப்பணியைச் செய்த தையற்காரரும் பின்னர் கூறினார். அரண்மனைக்கே இந்த நிலையென்றால், ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப் மூலம் அளவு அனுப்பி யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ தைப்பித்து எடுப்பவர்களின் பாடு எப்படியிருக்கும்?

காரணம் எளிது. இரண்டு வயதுக்கும் பருவமடைதலுக்கும் இடையே ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை வளர்கின்றது. ஆறு மாதத்திற்கு முன் எடுத்த அளவு, மணநாளன்று மூன்று சென்ரிமீற்றர் அளவுக்குப் பின்தங்கிவிடும். இதனை எங்கள் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். பட்டுப்பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று மடிப்புகளை உள்ளே வைத்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள். சட்டையின் பக்கத் தையலிலும் துணி விட்டுவைப்பார்கள். ஒரே பாவாடை ஒரு திருமணம், இரண்டு தைப்பொங்கல், ஒரு கோயில் தேர் என்று மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு, பின்னர் தங்கைக்குப் போய்ச்சேரும். இன்று தைக்கப்படும் நிலம்தொடும் கவுண்களில் அந்த மடிப்பைக் காண்பது அரிது. ஒரு நாள் மாத்திரம் உடுத்தப்படும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட உடைகள் அவை.

அடுத்தது குழந்தையின் நலன். சரிகையும் கற்களும் மணிகளும் உள்ளே உறுத்தும். பருத்தித் துணியில் உட்புறம் தைக்காவிட்டால் கழுத்திலும் கக்கத்திலும் தோல் சிவந்துவிடும். கொழும்பு மண்டபமொன்றில் நான்கு வயதுச் சிறுமியொருத்தி, தன் உடையின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாமல் அழுததைப் பார்த்திருக்கின்றேன். அழுகை நின்றபின் படம் எடுக்கலாம் என்று புகைப்படக்காரர் காத்துநின்றார். உடையைத் தளர்த்திவிட ஒருவரும் முன்வரவில்லை.

இதைவிடப் பாரதூரமானது நெருப்பு. எமது மணவறையில் ஓமம் எரிகின்றது, குத்துவிளக்கு எரிகின்றது, ஆராத்தித் தட்டிலும் திரி எரிகின்றது. அதன் அருகே நைலோன் வலைத்துணியை அடுக்கடுக்காக அணிந்த குழந்தைகளை நிறுத்துகின்றோம். காற்றோட்டமுள்ள மெல்லிய வலைத்துணியில் தீ வேகமாகப் பரவும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தில், ஹலோவீன் உடை அணிந்திருந்த எட்டு வயதுச் சிறுமியொருத்தியின் உடையில் மெழுகுவர்த்திச் சுடர் பட்டு அவள் கடுமையான தீக்காயங்களுக்கு உள்ளானாள். அப்படியொன்று எம்மிடையே நிகழும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை.

இனிச் செலவுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் ஓரளவு இறங்கியபோதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. துணி, நூல், சிப், கல் என இறக்குமதியாகும் பொருட்களின் விலையும் அவ்வாறே. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரின் இரு பெண்பிள்ளைகளையும் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் மலர்ச் சிறுமியராக அழைத்தனர். உடையின் படம் வந்தது, பணம் வரவில்லை. மாட்டேன் என்று சொன்னால் உறவு முறியும் என்றஞ்சி, வீட்டுக் கூரை வேலைக்கென்று சேர்த்த சீட்டை அவர் முற்கூட்டியே கழிவுக்கு எடுத்தார். அழைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அங்கே ஒரு நாட் சம்பளமாக இருப்பது இங்கே ஒரு மாத வாழ்வு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். போர் சிதறடித்த குடும்பங்கள் ஒன்றுகூடும் அரிய தருணம் திருமணம். அத்தருணமே ஒரு வீட்டுக்குக் கடனாகிவிடலாகாது.

வெளிப்படையாகப் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. ஒரே உயரம், ஒரே தோற்றம், சிவந்த நிறம் என்று பார்த்தே சில இடங்களில் சிறார் தெரிவுசெய்யப்படுகின்றனர். கறுத்த பிள்ளைக்கு அந்த நிற உடை எடுபடாது என்று அப்பிள்ளையின் காதுபடவே சொல்பவர்கள் உள்ளனர். ஐந்து வயதில் கேட்ட அந்த வார்த்தையை அவள் ஐம்பது வயதிலும் மறக்கமாட்டாள்.

அப்படியாயின் என்ன செய்யலாம்? சிறாரை அழைக்கும் மணவீட்டாரே உடைச் செலவை ஏற்கவேண்டும். இயலாதவிடத்து நிறத்தை மாத்திரம் சொல்லி, இருப்பதை உடுத்துவர அனுமதிக்கவேண்டும். கண்டிய மணவுடைகளை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் சிங்கள மக்களிடையே உள்ளது. அதனை எம்மவர் பின்பற்றுவதில் இழுக்கில்லை. தைப்பதாயின் குழந்தை வாழும் ஊரின் தையற்காரரிடமே கொடுங்கள். மணநாளுக்கு இரு வாரங்களுக்கு முன் மீண்டும் அணிவித்துப் பார்த்துத் திருத்த அவரால்தான் முடியும். ஆயத்த ஆடைகளின் வருகையால் நலிந்துபோன அத்தொழிலுக்கும் அது ஓர் ஆதரவாகும். பருத்தியோ பட்டோ தெரிவுசெய்து, உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். விளக்குக்கு அருகே நிற்கும் பிள்ளைக்கு வலைத்துணி வேண்டாம். யாவற்றுக்கும் முன்பாக, உடுக்கப்போகும் பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள். அவளுக்கு நிற்க விருப்பமில்லையெனில் விட்டுவிடுங்கள். மண்டபத்தில் ஓடி விளையாடும் பிள்ளையும் திருமணத்திற்கு வந்த பிள்ளைதான்.