'போய் வருகிறேன்' என்று சொல்ல உரிமை உண்டா?



1901ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மணிலாத் துறைமுகத்திற்கு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. 'தாமஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்கப் படையினரை ஏற்றிச் செல்லும் கப்பல் அது. ஆனால் அந்த முறை அதிலிருந்து இறங்கியவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, புத்தகம் இருந்தது. ஏறத்தாழ 500 ஆசிரியர்கள்! 1898இல் ஸ்பெயின் நாட்டிற்கு 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்சுத் தீவுகளைப் பெற்றுக்கொண்ட அமெரிக்கா, அந்தத் தீவுகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அனுப்பிவைத்த ஆசிரியப் படை அது. 'தாமசைட்டுகள்' என்று அவர்களை வரலாறு குறிக்கிறது.

வந்து இறங்கியவர்களைப் பார்த்து, "உங்கள் விசா எங்கே? யாரைக் கேட்டு வந்தீர்கள்?" என்று கேட்கும் உரிமை அத்தீவு மக்களுக்கு அன்று இருந்ததா? இல்லை! வென்றவனுக்கு வாசல் ஏது, வாயிற்காப்போன் ஏது!

ஆண்டுகள் உருண்டன. 1946 ஜூலை 4இல் பிலிப்பைன்சு விடுதலை பெற்றது. அதற்குப் பின் காலச் சக்கரம் இன்னொரு சுற்றும் சுற்றியது. அன்று அமெரிக்க ஆசிரியர் மணிலாவுக்குப் போனார். இன்று மணிலாவின் ஆசிரியர் அமெரிக்காவுக்குப் போகிறார். அன்று புகட்டப்பட்ட அதே ஆங்கிலத்தைத் துணையாகக் கொண்டு, கணக்கும் அறிவியலும் கற்பிக்க, தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்குத் தாயாக இருந்து சொல்லித்தர, உள்ளூரில் ஆள் கிடைக்காத பள்ளிகளின் வகுப்பறைகளில் நிற்கிறார். அவர் கப்பலேறிப் படையெடுத்து வரவில்லை. வருக வருக என்று அழைக்கப்பட்டு வந்தவர். எனினும் அன்று வந்தவருக்கு இல்லாத கட்டுகள் இன்று வந்தவருக்கு ஆயிரம்!

அத்தகைய ஆசிரியை ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசாவில் வந்தவர். அந்த விசா மூன்று ஆண்டுகளுக்கு உரியது. மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை. பிள்ளைகள் அவரை விரும்புகிறார்கள், பள்ளியும் விரும்புகிறது. தாயகம் திரும்பி ஈராண்டு தங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை ஜே-1 விசாவினர் பலருக்கு உண்டு. அவர் அதற்கு விலக்கும் பெற்றுவிட்டார். பள்ளித் துறையினர், எச்-1பி எனப்படும் வேலை விசா நிலைக்கு அவரை மாற்ற மனுச் செய்துவிட்டார்கள். மனு துரைத்தனத்தாரின் மேசையில் இருக்கிறது. முடிவு வரவில்லை.

அப்போது ஒரு நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கிறது. தாய் உயிருக்குப் போராடுகிறாள் என்ற செய்தி! பெட்டியைக் கட்டுகிறார் ஆசிரியை. பக்கத்து அறைத் தோழி கையைப் பிடித்துத் தடுக்கிறாள்: "போகாதே! போனால் மனு போய்விடும்!"

ஏன் போய்விடும்? இங்கேதான் தோழர்களே, சட்டத்தின் நுணுக்கம் ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். விசா வேறு, தங்கும் நிலை வேறு. விசா என்பது வாசற்கதவைத் தட்டுவதற்கான சீட்டு, பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவது. உள்ளே நுழைந்த பின் எந்த வகையில், எந்த நாள் வரையில் இருக்கலாம் என்பதைக் குறிப்பது ஐ-94 என்னும் பதிவு. உள்ளே இருந்தபடியே வகையை மாற்றிக்கொள்ள மனுச் செய்யலாம். ஆனால் முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியே காலடி வைத்தால், "நிலை மாற்றக் கோரிக்கையை இவர் கைவிட்டார்" என்று எழுதி மூடிவிடுவார்கள். பள்ளியின் வேலை மனு மட்டும் பிழைத்துக் கிடக்கலாம். அது ஏற்கப்பட்டாலும், ஆசிரியை வெளிநாட்டில் உள்ள தூதரக வாசலில் நின்று, நேர்காணல் கண்டு, புது விசா பெற்றே திரும்ப வேண்டும்.

கைவிட்டாராம்! யார் கைவிட்டது? தாயின் முகம் காணப் போனவர் வேலையைக் கைவிட்டவரா? வகுப்பறைச் சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர் கைவிட்டவரா?

இந்த விதி பழைய விதி. அதன் முனையில் இப்போது நஞ்சு தடவப்பட்டது. 2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். நாட்டிற்கு வெளியே உள்ளவருக்காகச் செய்யப்படும் புதிய எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றது அது. பன்னிரண்டு திங்கள் காலத்திற்கு என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 20இல் குடிவரவுத் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. உள்நாட்டில் இருந்தபடியே நிலை மாற்றம் கோரி, அது ஏற்கப்படுகிறவருக்கு இந்தத் தொகை இல்லை என்றது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? தொடர்ந்து என்ன எழுதினார்கள் தெரியுமா? முடிவு வருமுன் அவர் நாட்டைவிட்டு வெளியேறினால் தொகை உண்டு என்றார்கள்!

எண்ணிப் பாருங்கள். அதே ஆசிரியை, அதே பள்ளி, அதே வகுப்பறை, அதே பிள்ளைகள். நாட்டிற்குள் இருந்தால் இந்தத் தொகை இல்லை. தாயின் படுக்கையருகே போய் நின்றால் நூறாயிரம் டாலர்! அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் ஓராண்டுச் சராசரிச் சம்பளத்தையும் மிஞ்சும் தொகை அது. எந்தப் பள்ளித் துறை கட்டும்? கரும்பலகைக்கும் கழிவறைக்கும் காசு தேடி அலையும் ஏழை வட்டாரப் பள்ளியா கட்டும்? விதிவிலக்கு உண்டு என்கிறார்கள். அது மிக மிக அரிதாகவே தரப்படும் என்றும் அவர்களே சேர்த்து எழுதினார்கள். நூறாயிரம் டாலர் என்பது கட்டணம் அல்ல, தோழர்களே, கால்விலங்கின் எடை!

"ஒரு நாட்டிற்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை அந்த நாட்டிற்கு இல்லையா?" என்று கேட்பார் உண்டு. உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே எழும் கேள்வி, யார் வரலாம் என்பதா? இவர் வந்தவர், சோதிக்கப்பட்டவர், ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளை ஒப்படைத்து நம்பப்பட்டவர். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பத்து நாள் வெளியே போனதற்காக, நிலுவையில் உள்ள மனு ஏன் சாக வேண்டும்?

"வெளியே போனவருக்கு உள்நாட்டில் ஒரு நிலையே இல்லை, இல்லாத நிலையை எப்படி மாற்றுவது?" என்று சட்டம் படித்தோர் மடக்குவார்கள். சரி, அதையும் பார்ப்போம். அதே நாட்டில், அதே துறையில், நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கேட்டு மனுச் செய்தவர் இருக்கிறார். அவர் ஊருக்குப் போக வேண்டுமானால், புறப்படுமுன் பயண அனுமதிச் சீட்டு ஒன்று கேட்டுப் பெறலாம். அந்தச் சீட்டோடு போனால் அவருடைய மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படுவதில்லை. ஆக, மனு நிலுவையில் இருக்கும்போதே ஒருவர் போய் வர வழி செய்யும் வித்தை அந்தத் துரைத்தனத்திற்குத் தெரியாததல்ல! குடியேற விரும்புவோருக்குத் திறக்கும் அந்தச் சிறு கதவு, பாடம் சொல்லித்தர வந்தவருக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை? சட்டத்தால் முடியாது என்பது சாக்கு. மனம் இல்லை என்பதே உண்மை. இன்னொன்றும் கேளுங்கள். கூடுதல் கட்டணம் கட்டினால் வேலை மனுவை 15 வேலை நாட்களில் கவனிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. காலமும் அங்கே கடைச்சரக்கு!

இந்த விலங்கின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் காண வேண்டும். எச்-1பி விசாவுக்கு மனுதாரர் ஆசிரியர் அல்லர், வேலை கொடுப்பவர். ஆசிரியருக்கு அந்தத் தாளில் உள்ள பெயர் 'பயனாளி'. தம் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் தாளின் படி கூடப் பலருக்குக் கையில் கிடைப்பதில்லை. தாள் ஒருவர் கையிலும் வாழ்வு இன்னொருவர் கையிலும் இருந்தால் என்ன நேரும்? நேர்ந்ததைச் சொல்கிறேன்.

லூசியானா மாநிலப் பள்ளிகளுக்கு 2007ஆம் ஆண்டு முதல் அழைத்துவரப்பட்ட ஏறத்தாழ 350 பிலிப்பைன்சு ஆசிரியர்கள், ஆள் சேர்க்கும் நிறுவனத்திற்கு ஆளுக்கு ஏறத்தாழ 16,000 டாலர் வரை கொடுத்துக் கடனில் மூழ்கினார்கள். 2010இல் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் துணை நிற்க வழக்குத் தொடுத்தார்கள். 2012 டிசம்பரில் நடுவர் குழு 45 லட்சம் டாலர் அவர்களுக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மேரிலாந்து மாநிலத்துப் பிரின்ஸ் ஜார்ஜஸ் வட்டாரத்தில் நடந்தது இன்னும் வேதனை. பள்ளித் துறை கட்டியிருக்க வேண்டிய விசாச் செலவை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்கள் தலையில் கட்டியிருந்தார்கள். 2011இல் தொழிலாளர் துறை தலையிட்டு, சுமார் 42 லட்சம் டாலரைத் திருப்பித் தர வைத்தது. நல்லது. ஆனால் தண்டனையாக, ஈராண்டுக் காலம் அந்தப் பள்ளித் துறை வெளிநாட்டு ஆசிரியருக்காக மனுச் செய்யக் கூடாது என்றும் தடை விதித்தது. விளைவு? தவறு செய்தது பள்ளித் துறை. விசாவைப் புதுப்பிக்க வழியின்றி வேலை இழந்தவர் ஆசிரியர்! களவு கொடுத்தவனையே காவலில் வைத்த கதை!

கடல் கடந்து நடப்பது நமக்கு எதற்கு என்று எவரேனும் கேட்டால், தமிழனுக்கு இது புதிய கதை அல்ல என்று சொல்லுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போன நம் மக்களைக் கட்டிவைத்தது எது? 'துண்டு'! தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு அது. அந்தக் கடனை அடைக்க முன்வரும் தோட்டத்திற்கே அவர் மாற முடியும். துண்டு இல்லாவிட்டால் வேறு தோட்டம் இல்லை; கங்காணியிடம் பட்ட கடன் தீராவிட்டால் துண்டு இல்லை. 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர்கள் அதை எதனால் ஒழித்தார்கள்? உழைப்பவனின் காலை ஒரு தாளால் கட்டுவது நாகரிகம் அல்ல என்பது உலகின் கண்ணில் பட்டதால். அந்தத் துண்டை அறிந்த மரபில் வந்த நாம், கணிப்பொறியில் அச்சடித்து வரும் புதிய துண்டை அடையாளம் காண முடியாதவர்களா? அதுமட்டுமா! எச்-1பி விசாவில் இருப்போரில் பத்தில் ஏழு பேர் இந்தியர். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

"ஏழை நாட்டின் ஆசிரியர்கள் எல்லாம் இப்படிப் போய்விட்டால் அங்குள்ள பிள்ளைகளின் கதி என்ன?" என்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை நாமும் கேட்கிறோம். ஆனால் அதற்கு விடை, தாயகத்தில் ஆசிரியருக்குத் தக்க ஊதியம் தருவது. அயலகத்தில் விலங்கு பூட்டுவது அல்ல. போகிறவரைப் போகவும் வருகிறவரை வரவும் விடுகின்ற நாட்டிற்கே ஆசிரியர் திரும்பி வருவார். ஒருமுறை வந்தால் மறுபடி நுழைய முடியாது என்ற அச்சம் இருந்தால், வர நினைப்பவரும் வரமாட்டார்.

ஆகவே நாம் வைக்கும் கோரிக்கை பெரியதல்ல. மனு நிலுவையில் இருக்கும்போது, நோய், சாவு போன்ற இன்றியமையாக் காரணங்களுக்காக ஆசிரியர் குறுகிய காலம் போய் வர, மனு சாகாதபடி அனுமதிச் சீட்டு தரப்பட வேண்டும். மனுவின் படி ஒன்று ஆசிரியர் கையில் தரப்பட வேண்டும். வேலை கொடுத்தவர் தவறினால், தண்டனை அவரோடு நிற்க வேண்டும். ஆசிரியர்களை அனுப்புகின்ற நாடுகள், அந்நியச் செலாவணியை எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், இவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

அதுவரையில், வெளிநாட்டில் இருக்கும் உற்றார்க்கு நம் தோழர்கள் ஒன்றை எழுதுங்கள். நிலை மாற்ற மனுச் செய்திருந்தால், முடிவு எழுத்தில் வருமுன் விமானச் சீட்டு வாங்காதீர்கள். கேட்பது உள்நாட்டிலேயே நிலை மாற்றமா, தூதரக வழியா என்பதை மனு எழுதிய வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு சாதகமாக வந்த பின் பயணம் போனாலும், திரும்பி நுழையப் புது விசா தேவைப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, தனியே நிற்காதீர்கள், சங்கத்தில் சேருங்கள். லூசியானாவில் தீர்ப்பை வாங்கித் தந்தது தனி மனிதரின் கண்ணீர் அல்ல. கூடி நின்றவர்களின் துணிவு.

தோழர்களே, வீட்டைவிட்டுப் புறப்படுகையில் நம் வீட்டில் எவரும் 'போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள். 'போய் வருகிறேன்' என்பார்கள். தாய் 'போய் வா' என்பாள். போவதோடு வருவதையும் சேர்த்தே சொல்வது நம் மொழியின் பண்பு. பிறர் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கக் கடல் கடந்து போனவர், தம்மைப் பெற்றவளைக் காணப் புறப்படும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் நிற்கிறார். 'வருகிறேன்' என்று அவர் அச்சமின்றிச் சொல்லும் நாள் வரும் வரையில், அந்தச் சட்டத்தை நேரிய சட்டம் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.