எப்ப எடுக்காவ?

'பாஸ்டு அவே' என்பதற்கு ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் திறந்தால் 'இறந்தார்' என்று ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிடும். தாமிரபரணிக் கரையில் அந்த ஒரு வார்த்தை போதாது. போனவர் யார், எந்தத் தெரு, என்ன வயது, யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்துத்தான் இங்கே வாய் திறப்பார்கள்.

நெல்லைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். பாளையங்கோட்டையில் ஒரு சபையின் மூத்தவர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. மேலப்பாளையத்தில் 'வஃபாத்தானார்' என்று அச்சடிப்பார்கள், பேச்சில் 'மவுத்தாயிட்டாங்க'. டவுனில் சைவக் குடும்பத்துப் பெரியவர் 'சிவபதம் அடைந்தார்'. ஆழ்வார்திருநகரி வைணவர் 'ஆசாரியன் திருவடி அடைந்தார்'. கடவுள் மறுப்பாளர் 'இயற்கை எய்தினார்'. பொதுவுடைமைக்காரர் மறைந்தால் பெயருக்கு முன்னால் 'தோழர்' நிற்கும், கீழே 'செவ்வணக்கம்' இருக்கும். ஒருவர் எதை நம்பி வாழ்ந்தார் என்பதை அந்த ஒரு வினைச்சொல் ஊருக்குக் கடைசியாகச் சொல்லிவிடுகிறது.

இதில் 'நித்திரை' என்பதை மிஷனரிகள் கொண்டுவந்த சொல்வழக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். சாவை உறக்கமாகச் சொல்லும் எண்ணம் மிஷனரிகளுக்கு வெகுகாலம் முன்பே தமிழில் இருந்தது. சங்ககாலப் பாண்டியருள் ஒருவனை 'வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி' என்று அவன் இறந்த இடத்தைச் சேர்த்தே அழைத்தார்கள். துஞ்சுதல் என்றால் உறங்குதல். 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே மாண்ட சோழ இளவரசன் இராசாதித்தனைக் கல்வெட்டு 'ஆனைமேல் துஞ்சின' என்கிறது. இப்படிச் சொல்வதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு: மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் நன்னூல் உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். 'செமட்டரி'யின் கிரேக்க மூலத்துக்கும் உறங்குமிடம் என்றே பொருள். பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்திலும் பாண்டியன் பெயரிலும் ஒரே எண்ணம்தான் இருக்கிறது.

ஆனால் சுவரொட்டித் தமிழைவிட எனக்கு நெருக்கமானது வாய்த்தமிழ். காலையில் ஒருவர் வந்து, "மேலத்தெரு பெரியப்பா தவறிட்டாவ" என்பார். கேட்பவர் காரணம் கேட்பதற்கு முன்னால், "எப்ப எடுக்காவ?" என்பார். உடலை எப்போது எடுக்கிறார்கள் என்ற கேள்வி. வெளியூர்க்காரர் காதுக்கு அது அவசரமாகப் படலாம். அதன் பொருள், நான் வருகிறேன் என்பது. வேலைக்கு லீவு சொல்ல வேண்டும், கோடித்துணி எடுக்க வேண்டும், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தகவல் போனதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தையில் இத்தனை பொறுப்பையும் அவர் ஏற்றுக்கொள்கிறார்.

இப்படித் துக்கம் விசாரிக்கப் போவதற்குப் பெயர் துட்டி. "துட்டிக்குப் போறேன்", "துட்டி கேக்கப் போகல, வருத்தப்படுவாவ" என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வர வேண்டும். வாழ்நாளெல்லாம் வாசலில் சொல்லிப் பழகிய அந்த வார்த்தையை அங்கே விழுங்கிக்கொள்வதும் துக்கத்தின் மொழிதான்.

தொண்ணூறைத் தாண்டி, பேரன் பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்கப் போனால் அது கல்யாணச் சாவு. வாலிபப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்தச் சொற்களில் ஒன்றும் உதவாது. தாய் 'இயற்கை எய்தினான்' என்றோ 'மறைந்தான்' என்றோ அழமாட்டாள். "செத்துப்போயிட்டானே" என்றுதான் கதறுவாள். மங்கலச் சொல்லெல்லாம் சுற்றி நிற்கும் நமக்காக. துக்கத்தின் நடுவில் இருப்பவருக்குப் பச்சைச் சொல் ஒன்றே கிடைக்கிறது. அதை அநாகரிகம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு இறந்தவர்களை நெடுங்காலமாக மதித்து வந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவரை அடக்கம் செய்தவர்கள் கூடவே நெல்லும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் என்ன சொல் சொல்லி அழுதார்களோ, அந்த நெல் மிச்சமிருக்கிறது.

இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வரும் போனில் "எக்ஸ்பயர் ஆயிட்டாங்க" என்கிறார்கள். மருந்துக்கும் லைசென்சுக்கும் வழங்கும் சொல் அது. பெற்ற தகப்பனுக்கு அது வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ 'ஆர்.ஐ.பி.' என்று மூன்று எழுத்து குவிகிறது. 'அமைதியில் இளைப்பாறட்டும்' என்ற லத்தீன் வேண்டுதலின் சுருக்கம் அது. முழுதாகச் சொன்னால் நல்ல வேண்டுதல். சுருக்கி அனுப்பியதும் கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை அப்படி ஒரு சேதி வந்தால், உங்கள் தாத்தாவுக்கு வீட்டில் எந்தச் சொல்லைச் சொன்னார்களோ அதைச் சொல்லுங்கள். எழுத்தைத் தட்டி அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, எப்ப எடுக்காவ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.