வாசலோடு முடிகிறதா வைத்தியம்?

2022 ஏப்ரல் கடைசி வாரம். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இரவில் இறந்துபோனான். தந்தை மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர். சொந்த ஊர் சுமார் 90 கிலோமீட்டர் தூரம். உடலைக் கொண்டுபோக, வளாகத்தில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கேட்டார்கள். குறைந்த வாடகைக்கு வெளியிலிருந்து வந்த வண்டியையும் விரட்டிவிட்டார்கள். கடைசியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, மகனின் உடலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார் அந்தத் தந்தை.

சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாகி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. காட்சி தொலைக்காட்சியில் வந்ததும் அரசு விழித்துக்கொண்டது. ஓட்டுநர்கள் சிலர் கைதானார்கள். மருத்துவமனை அதிகாரி ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

வைத்திய வசதிக்குப் பஞ்சமான ஊரல்ல திருப்பதி. ஏழை நோயாளிகளின் உயிர்காக்கும் சிகிச்சைக்காகப் பக்தர்களின் நன்கொடையைத் திரட்டும் 'பிராணதானம்' திட்டத்தைத் தேவஸ்தானமே நடத்துகிறது. அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை இலவசமாக வீடு சேர்க்க ஆந்திர அரசின் 'மகாபிரஸ்தானம்' வண்டிகளும் உண்டு. அன்றிரவு அந்தத் தந்தைக்கு அது கிடைக்கவில்லை.

சட்டத்திலும் குறையில்லை. விபத்தில் அடிபட்டு வருபவருக்கு, போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் வழக்கறிஞர் பரமானந்த் கட்டாரா. தூக்கிலிடப்பட்டவரின் உடலைப் பற்றி அவரே தொடுத்த இன்னொரு வழக்கில், கண்ணியத்துக்கான உரிமை இறந்த உடலுக்கும் உண்டு என்றது அதே நீதிமன்றம். கோவிட் காலத்தில், 2021 மே மாதம், தேசிய மனித உரிமை ஆணையம் இன்னும் தெளிவாகவே எழுதியது: பாக்கிப் பணத்துக்காக உடலைப் பிடித்துவைக்கக் கூடாது, அமரர் ஊர்தி, ஆம்புலன்ஸ் கட்டணங்களைக் கட்டுப்படுத்த வேண்டும். ஓராண்டு கழியும் முன்னரே நடந்தது திருப்பதிச் சம்பவம்.

அப்படியானால் எங்கே ஓட்டை? இறப்புச் சான்றில் கையெழுத்தானதும் நோயாளி மருத்துவமனையின் கணக்கிலிருந்து போய்விடுகிறார். வார்டுக்கு டாக்டர் பொறுப்பு, பிணவறைக்கு ஊழியர் பொறுப்பு. வார்டிலிருந்து வாசல் வரையுள்ள தூரத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. பொறுப்பாளி இல்லாத அந்த இடத்தில்தான் தரகர் நிற்கிறார்.

இரவு பணியில் நூறு நோயாளிகளைப் பார்க்கும் இளம் டாக்டரிடம் வண்டி பிடித்துத் தரவும் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். வண்டிக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை. ஆனால் சாவுச் செய்தியைச் சொல்லும் டாக்டர், "ஊருக்கு எப்படிப் போவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால், நிர்வாகம் அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தே தீர வேண்டும். இலவச வண்டியின் தொலைபேசி எண் வார்டுச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவிலும் அதை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மருத்துவ அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் சேர்ந்திருக்கின்றன. வகுப்பில் கற்றது வார்டில் பலித்ததா என்பதற்குத் தேர்வுத் தாள் சாட்சியல்ல. பிள்ளையை இழந்தவர் எந்த வண்டியில், யாரிடம் கையேந்தாமல் வீடு போனார் என்பதுதான் சாட்சி.