மூஞ்சூறும் மர்மக் காய்ச்சலும்

பிள்ளையாருக்கு வாகனம் மூஞ்சூறு என்று நம்பிப் படையல் போடும் நமது மக்களுக்கு, அந்த மூஞ்சூறு எதைச் சுமக்கிறது என்று எந்தப் புராணமாவது சொன்னதுண்டா? சொன்னது ஆராய்ச்சிதான். 1964-ல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். தோட்டப்பாளையம் வைரஸ் என்றே அதற்குப் பெயர். அது ஹாண்டா வைரஸ் வகையைச் சேர்ந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

இந்த மூஞ்சூறு வைரஸ் மனிதனைக் கொல்லும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், எலிகளிடமுள்ள அதன் இனத்து வைரஸ்கள் சில, காய்ச்சலும் சிறுநீரகக் கேடும் தந்து உயிரையே வாங்கும். எலி மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து, தூசியாகி மூச்சோடு உள்ளே போனாலே நோய் தொற்றக்கூடும்.

கொரியா யுத்தத்தில் 3,000-க்கு மேற்பட்ட ஐ.நா. சிப்பாய்கள் இத்தகைய காய்ச்சலில் விழுந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் காரணம் விளங்கவில்லை. 1976-ல் கொரிய விஞ்ஞானி லீ ஹோ வாங், பிழைத்த நோயாளிகளின் இரத்தநீரை எடுத்து, வயலெலியின் நுரையீரல் துண்டின்மேல் விட்டுப் பார்த்தார். நோயை எதிர்க்க உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருள் அந்த இரத்தநீரில் இருந்தது. வைரஸின் புரதம் இருந்த இடத்தில் அது போய் ஒட்டியது. ஒட்டிய இடம் ஒளிரும் சாயத்தால் பளிச்சென்று தெரிந்தது. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்யும் வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் காட்டினார்கள். மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

சரி, நம் நாட்டில் இந்த நோய் ஏது என்று சிலர் கேட்கலாம். தேடாதவன் கண்ணில் எது படும்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் தேடினார்கள். சிறுநீரக நோயாளிகள், கிடங்குத் தொழிலாளிகள், எலி பிடிக்கும் பழங்குடியினர் ஆகியோரில் சிலருடைய இரத்தத்தில் ஹாண்டா வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருப்பதை 2008-ல் வெளியிட்டார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியதென்ன? எலியை வாகனமென்று கும்பிடுகிறவன் ஒருவன். எலி வளையை வெட்டுகிறவனும் கிடங்கில் மூட்டை சுமக்கிறவனும் வேறொருவன். தூசி போவது இவன் மூச்சில்தான். இவன் காய்ச்சலில் விழுந்தால் கிரகம் என்பான் ஜோசியன், தலைவிதி என்பான் பக்தன், மர்மக் காய்ச்சல் என்று எழுதும் பத்திரிகை. மர்மம் என்பது பரிசோதித்துப் பார்க்காததற்கு இட்ட பெயரேயல்லாமல் வேறென்ன?

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கிடங்குத் தொழிலாளருக்கும், திருவள்ளூர் ஜில்லாவின் இருளர்களுக்கும் காய்ச்சலோடு சிறுநீரகமும் கெட்டு, டெங்கு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை என்று ஏற்பட்டால், இந்தப் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். கிடங்கு முதலாளிகள் முகமூடியும் கையுறையும் கொடுக்க வேண்டும். தொழிலாளத் தோழர்களும் எலிப்புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து ஊறவிட்டு வழித்தெடுக்க வேண்டும்.

வாகனத்துக்குக் கொழுக்கட்டை வைத்தது போதும். உழைக்கிறவன் இரத்தத்தைப் பரிசோதிக்க வழி வையுங்கள் என்கிறோம்.