காஜியின் தலைவன்

வைகையும் முல்லையாறுமே நாமறிந்த பெருநீர். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். 2017இல் வெளிவந்த ‘காஜி’ திரைப்படத்தை நம்மில் பலர் கைதட்டி ரசித்தோம் அல்லவா? அதில் இந்திய நீர்மூழ்கி ஒன்று பாகிஸ்தானின் காஜியோடு கடலடியில் பொருதி அதை வீழ்த்துகிறது. வரலாற்றில் அப்படியொரு சண்டை நடைபெறவே இல்லை!

நடந்தது கற்பனையிலும் சுவையானது. அமெரிக்காவில் ‘டயாப்லோ’ என்ற பெயரோடு பிறந்து, 1964இல் பாகிஸ்தான் கைக்கு வந்தது காஜி. 1971 நவம்பரில் நமது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி, கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்கு வந்தது. அதன் தலைவர் கமாண்டர் ஜாபர் முகம்மது கான். கொதிகலன் பழுதுற்ற விக்ராந்தோ அந்தமான் பக்கம் மறைந்திருந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நம் தமிழர், ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். விக்ராந்தின் மாலுமி ஒருவர் தம் தாயாரின் உடல்நலம் விசாரிப்பதுபோல, ‘ராஜ்புத்’ என்ற பழைய நாசகாரிக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி பறந்தது. விக்ராந்த் விசாகப்பட்டினத்தருகே நிற்கிறது என எதிரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். தாய்ப்பாசத்தை வைத்தே வலை பின்னிய மதிநுட்பத்தை என்னென்பது!

டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு அப்பால் பெருவெடியோசை கேட்டது. காஜியோடு 90க்கும் மேற்பட்டோர் மாண்டனர், ஒருவரும் தப்பவில்லை. ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளே காரணம் என்கிறது நம் தரப்பு. உள்ளே நேர்ந்த வெடிப்பு, அல்லது தானே இட்ட கண்ணிவெடி என்கிறது அவர்கள் தரப்பு. சாட்சி சொல்ல எவருமில்லை.

ஆறே நாளில், டிசம்பர் 9 அன்று, தியூ அருகே நம் ‘குக்ரி’யை மூழ்கடித்தது பாகிஸ்தானின் ‘ஹாங்கர்’. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு சென்றார். மகாவீர் சக்கரம் அவரைச் சேர்ந்தது. முல்லாவைப் போற்றும் நாம் ஜாபரின் பெயரையாவது அறிந்திருக்க வேண்டாமா? பகைவனைப் புகழ்வது தேசத்துரோகம் என்பார் சிலர். நான் புகழச் சொல்லவில்லை. வேற்றுக் கடலில், தன் கரைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால், பழைய கப்பலோடு வந்து இறந்தவனைத் திரைப்பட வில்லனாக மட்டும் நினைத்தால், அவனை ஏமாற்றிய கிருஷ்ணனின் பெருமையும் அல்லவா குறைகிறது?

நம் கடற்படை இதை அறிந்தே நடந்துகொண்டது. 2024இல் அதன் ஆழ்கடல் மீட்புக் கலம் காஜியின் உடைசல் கிடக்கும் இடத்தைக் கண்டறிந்தது. உள்ளிருப்போருக்கு மரியாதையாக, தொடாமல் திரும்பினர்.